இரவு வேனில் பாண்டிச்சேரி: அன்றைக்கே திரும்பித்தான் ஆகணுமா?

கேள்வி: அக்கா, எங்கள் நண்பனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் நாங்கள் 14 பேர் (நாலு பேர் பெண்கள், மாப்பிள்ளையின் 20 வயதுத் தம்பியும் உண்டு) ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேளச்சேரியிலிருந்து பாண்டிச்சேரி போய்க் கொண்டாடிவிட்டு, ரூம் செலவு வேண்டாமென்று ராத்திரி 1 மணிக்கே கிளம்பித் திரும்புவதாகத் திட்டம். 17 சீட் டெம்போ டிராவலருக்குக் கிலோமீட்டருக்கு 26 ரூபாய், ஒரு நாளைக்கு மினிமம் 300 கிலோமீட்டர் என்கிறார்கள். போக வர 340 கிலோமீட்டர், 8,840 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இன்னொருவர் லேசர் லைட், டிஜே செட் வைத்த பார்ட்டி பஸ் தருகிறேன் என்கிறார், வாடகை கூடுதல். எதை எடுக்கலாம்?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: தம்பி, முதலில் உங்கள் நண்பருக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். நாலு காரில் பிரிந்து ஓட்டிப் போகாமல் ஒரே வண்டி எடுக்க நினைத்தீர்களே, அதுவே பெரிய விஷயம். குடித்தவர் யாரும் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டியதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், பாட்டு இருக்கிறது, லைட் இருக்கிறது, வாடகை இருக்கிறது, டிரைவர் எப்போது தூங்குவார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அவருடைய சனிக்கிழமையைக் கொஞ்சம் யோசியுங்கள். காலையில் எழுந்து வண்டியைக் கழுவி, வழியில் ஒரு சின்ன டிரிப் இருந்தால் அதையும் முடித்து, 4 மணிக்கு உங்கள் வாசலில் நிற்பார். ஈசிஆரில் 150 கிலோமீட்டர்தான் என்றாலும் சனிக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரம் தாண்டும்வரை வண்டி ஊர்ந்துதான் போகும், பாண்டிச்சேரி போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடும். அப்புறம் நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள், அவர் கொசுக்கடியில் வேனுக்குள்ளேயே அரைத்தூக்கத்தில் கிடப்பார். 1 மணிக்கு நீங்கள் ஏறுவீர்கள். பத்து நிமிஷத்தில் 14 பேரும் தூங்கிவிடுவீர்கள். 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் மனுஷ உடம்பு தூக்கத்துக்கு ரொம்ப ஏங்குகிற நேரம், அந்த நேரத்தில் பேச்சுக்குக்கூட ஆளில்லாமல் அவர் ஒருவர் மட்டும் இருட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கல்யாண வரவேற்பு ஒன்று பாண்டிச்சேரியில் முடிந்து இப்படித்தான் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினோம். மரக்காணத்தில் உப்பளங்கள் வருமே, அந்த இடத்தில் வேன் மெதுவாக இடப்பக்கம் இறங்க ஆரம்பித்தது. முன் சீட்டில் இருந்த பெரியப்பா டிரைவர் தோளை ஓங்கித் தட்டினார். அவர் கண் திறந்தேதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தி முகம் கழுவிக்கொண்டு, இரண்டு நாளாகச் சரியாகப் படுக்கவில்லை என்று சொன்னபோது அவர் கை நடுங்கியது. ஒரு டிரிப் முடிந்த கையோடு அடுத்த டிரிப்புக்குச் சாவியைக் கொடுத்திருக்கிறார் வண்டி முதலாளி. நாங்களும் ஏறும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2022 அக்டோபர் 5 ராத்திரி கேரளத்தில் பாலக்காடு பக்கம் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளின் பஸ் முன்னால் போன அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அந்தச் சுற்றுலா பஸ் டிரைவர் வேளாங்கண்ணி டிரிப் முடித்துத் திரும்பிய உடனேயே இந்தப் பயணத்துக்குக் கிளம்பினார் என்று அப்போது செய்தி வந்தது. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. கேட்கிற ஆள் இல்லாததால் அது காகிதத்தில் கிடக்கிறது. நீங்கள் கேளுங்கள். புக் பண்ணும்போதே, "வெள்ளிக்கிழமை ராத்திரி டிரைவருக்கு டியூட்டி இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு வண்டி பாருங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. வெளியூர் வாடகையில் ஒரு நாள் என்றால் பெரும்பாலான டிராவல்ஸில் நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. நீங்கள் சனிக்கிழமை 4 மணிக்குக் கிளம்பி ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு வந்தால் 13 மணி நேரம்தான், ஆனால் அவர்கள் கணக்கில் அது இரண்டு நாள். இரண்டு நாளுக்கு மினிமம் 600 கிலோமீட்டர், 26 ரூபாய் வீதம் 15,600. அதற்கு மேல் டிரைவர் பேட்டா, ராத்திரி பேட்டா, டோல். கிலோமீட்டரும் உங்கள் வாசலிலிருந்து ஓடாது, ஷெட்டிலிருந்து ஷெட் வரை ஓடும். இதையெல்லாம் போனில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், நாள் கணக்கு எப்படி என்பதையும் சேர்த்து.

ஆக, ராத்திரியே திரும்பினாலும் ஞாயிறு மதியம் திரும்பினாலும் வாடகையில் பெரிய வித்தியாசம் வரப்போவதில்லை, தம்பி. இரண்டு நாள் காசு கொடுத்துவிட்டு ஏன் அரை நாளில் திரும்ப வேண்டும்? அந்த வண்டியை ஞாயிறு மதியம் வரை வைத்துக்கொள்ளுங்கள். ரூமுக்குத் தலைக்குக் கொஞ்சம் போடுங்கள், அதில் டிரைவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் போடுங்கள். வேனுக்குள்ளேயே கண்ணாடியை மூடி ஏசி போட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், புகை உள்ளே வந்து உயிர் போயிருக்கிறது. கூட வருகிற நாலு பெண்களையும் விடியற்காலை 5 மணிக்குத் தெருமுனையில் இறக்கிவிடுவது, யாரை முதலில் விடுவது என்ற பேச்சும் இதோடு முடிந்துவிடும்.

பார்ட்டி பஸ் வேண்டாம். ராத்திரியில் வண்டிக்குள் லேசரும் கலர் லைட்டும் மின்னினால் அதெல்லாம் முன் கண்ணாடியில் பிரதிபலிக்கும், டிரைவர் கண்ணுக்கு எதிரே விளக்கில்லாமல் வருகிற சைக்கிள் தெரியாது. அத்தனை சத்தத்தில் பின்னால் வருகிறவன் ஹாரனும் கேட்காது. குறுக்கே ஒரு மாடு வந்து பிரேக் போட்டால், நின்று ஆடிக்கொண்டிருப்பவர்கள் நேரே முன் கண்ணாடிக்குத்தான் போவார்கள். கம்பெனியிலிருந்து வந்த வண்டியை இப்படித் தன் இஷ்டத்துக்கு மாற்றச் சட்டத்திலும் இடமில்லை. வடக்கஞ்சேரிக்கு அப்புறம் கேரள உயர் நீதிமன்றம் இந்த மாதிரி பஸ்கள் மேல் கடுமையாக நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆட்டமும் பாட்டமும் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கட்டும். வேனில் பாட்டு கேளுங்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

டெம்போ டிராவலரே போதும், 17 சீட் சரியான அளவு. 12 சீட்டில் நெருக்கி உட்காரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம், கூடுதலாக ஏறுகிற ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம், அவர்களை இறக்கினால்தான் வண்டி நகரும். நம்பர் பிளேட் மஞ்சள் போர்டா என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். வண்டி நம்பரை வாங்கி அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் போட்டால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் தேதி தெரிந்துவிடும். பாண்டிச்சேரி தனி யூனியன் பிரதேசம், அதனால் பெர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் அந்தப் பணம் யார் தலையில் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஊருக்குள் போனதும் கடற்கரைச் சாலைக்கு வேனைக் கொண்டுபோக முடியாது. சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை, நடக்கிறவர்களுக்கு மட்டும்தான். ஒயிட் டவுன் தெருக்களும் குறுகல். அதனால் கொஞ்சம் தள்ளியே இறங்கி நடந்து போங்கள், எங்கே நிற்பார் என்பதை டிரைவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவர் நம்பர் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் நாலு பேரிடம் இருக்கட்டும்.

மாப்பிள்ளையின் தம்பி விஷயம் ஒன்று. மது குடிக்கப் பாண்டிச்சேரியில் 18 வயது போதும், தமிழ்நாட்டில் 21. நிறையப் பேர் பாண்டிச்சேரி என்று நினைத்துப் போகிற செரினிட்டி பீச், கோட்டக்குப்பம் பக்கம் இருப்பதால் தமிழ்நாட்டு எல்லையில் வருகிறது. அங்கே அந்தப் பையன் கையில் பாட்டில் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், திரும்பும்போது விலை குறைவு என்று யாரும் பையில் பாட்டில் போட்டு வராதீர்கள், ஒன்றே ஒன்று என்றாலும் வேண்டாம். எல்லை தாண்டியதும் செக்போஸ்டில் வேனைத்தான் முதலில் சோதிப்பார்கள். கிடைத்தால் உங்கள் மேல் வழக்கு, வண்டியும் பறிமுதல் ஆகலாம். கிளம்புவதற்கு முன் 14 பேரிடமும் இதைச் சொல்லி, பைகளை நீங்களே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், நண்பர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

குடித்த பிறகு கடலில் காலை நனைக்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். கடற்கரைச் சாலை ஓரம் பெரும்பாலும் பாறை, மற்ற இடங்களில் அலை இழுத்துக்கொண்டு போய்விடும், ராத்திரியில் தேடக்கூட முடியாது. குடிக்காமல் இருக்க ஒருவரையாவது இப்போதே பேசி வையுங்கள், அவர் கடைசி வரை எல்லோரையும் எண்ணிக்கொண்டே இருக்கட்டும்.

ஞாயிறு 12 மணிக்குக் கிளம்பினாலும் டீக்கு நிறுத்தி 4 மணிக்குள் வேளச்சேரி வந்துவிடலாம். முன் சீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவர் உட்கார்ந்து டிரைவரோடு பேசிக்கொண்டே வாருங்கள். இறங்கும்போது பேட்டாவை டிராவல்ஸ் கணக்கில் சேர்த்துவிடாமல் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.