லேமினேட்டரில் டோனர் ஒட்டாததற்குக் காரணம்

வணக்கம். சர்க்யூட் போர்டு செய்வதற்காக, தாளில் லேசர் பிரிண்டரால் அச்சிட்ட டோனர் (மைத்தூள்) கோடுகளைச் சூட்டால் செம்புத் தகட்டுக்கு மாற்றும்போது, ஏ4 லேமினேட்டரில் 1.6 மி.மீ. காப்பர் போர்டு சிக்கிக்கொள்வதாகவும், பலமுறை செலுத்தியும் ஓரத்துக் கோடுகள் தாளோடு உரிந்து வருவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் போர்டின் விளிம்புகளை அரத்தால் தேய்த்துப் பிசிறை நீக்குங்கள். அறுத்த இடத்தில் நிற்கும் பிசிறு தாளைத் தூக்கிப் பிடிப்பதோடு சிலிகோன் ரப்பர் ரோலரையும் கிழித்துவிடும். சென்னையின் ஈரக்காற்றில் செம்பு விரைவில் மங்குவதால், தேய்த்துத் துடைத்தவுடனேயே தாளை வைத்துவிட வேண்டும். 0.8 மி.மீ. போர்டு கிடைத்தால் பெரும்பாலும் ரோலர் இடைவெளியை மாற்றவே தேவையிருக்காது.

வெப்பத்தை உயர்த்துவதைவிட வேகத்தைக் குறைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் தடித்த போர்டு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் டோனர் உருகுவதற்குள் அது ரோலரைக் கடந்துவிடுகிறது. ஆனால் இத்தகைய கருவிகள் பலவற்றில் உள்ள சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பொறுத்தது. ஆகவே மின்விசிறி ரெகுலேட்டரை இணைப்பதால் பயனில்லை, அதற்குப் பதிலாகக் குறைந்த வேக கியர் மோட்டாரைத்தான் பொருத்த வேண்டும். மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றியே தீர வேண்டுமென்றால், சற்றே கூடுதல் வெப்பநிலை அளவுள்ளதைப் பொருத்துங்கள். சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்கி நேரடியாக இணைக்காதீர்கள். அதை மாற்றும்போது சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும் என்பதால், கிரிம்ப் செய்துதான் (உலோக இணைப்பானில் வைத்து நசுக்கித்தான்) இணைக்க வேண்டும். உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகே மூடியைத் திறவுங்கள்.