காய்ச்சல் வந்த நாளைக் குறித்து வையுங்கள்

கேள்வி: மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் பேரப்பிள்ளைகள் இருவரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பேரன் சளியோடு வந்தால், மூன்றாம் நாள் எட்டு மாதப் பேத்திக்கும் மூக்கு ஒழுகத் தொடங்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி இருவர் நெஞ்சிலும் தடவுகிறேன். ஓமவல்லிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கிறேன். ஆவியும் பிடிக்க வைக்கிறேன். கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கேட்டால் தர மறுக்கிறார்கள். என் கைவைத்தியம் சரிதானா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கைவைத்தியத்தில் சில பேரனுக்குப் பொருந்தும், பேத்திக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. பேரனுக்கு அந்த அச்சம் இல்லை. படுக்கப் போகும் முன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் இரவு இருமல் சற்று அடங்கும். கற்பூரம் உடலுக்குள் அதிகமாகச் சேர்ந்தால் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும் என்பதால், அதையும் கற்பூரம் கலந்த கடைத் தைலங்களையும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தடவாதீர்கள்.

ஆவி பிடிப்பதை இருவருக்கும் நிறுத்திவிடுங்கள். தோட்டத்து மருந்தகத்தில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, நான் இருந்த காலத்தில் சளியோடு வந்த பிள்ளைகளின் முகங்கள் மறந்துவிட்டன. ஆனால் சளிக்காக மடிமுன் வைத்த வெந்நீர்ச் சட்டி கவிழ்ந்து, இரண்டு தொடையும் வெந்து, ஈரத் துண்டில் சுற்றித் தூக்கிவரப்பட்ட ஒரு சிறுமியை இன்றுவரை மறக்க முடியவில்லை. பேத்தியின் மூக்கு அடைத்திருந்தால், பால் கொடுக்கும் முன் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை மூக்கில் விட்டு, இளகி வருவதைத் துடைத்துவிட்டு, சிறிது சிறிதாக அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

ஆன்டிபயாட்டிக் தர மறுத்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல் இருக்கின்றன. அந்த மருந்தோ பாக்டீரியாவைத்தான் கொல்லும். மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதை மட்டும் வைத்து அந்த மருந்து வேண்டும் என்று முடிவு செய்யக் கூடாது.

மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டி உங்கள் சமையலறைச் சுவரில் தொங்கும் அல்லவா? சளியோ காய்ச்சலோ தொடங்கிய நாளில் பிள்ளையின் பெயரை அதில் எழுதி வையுங்கள். கிளினிக்கில் “எப்போது தொடங்கியது?” என்று கேட்டால், “திங்களா, இல்லை, சந்தைக்குப் போன அன்றா” என்று தாயும் பாட்டியும் வாதாடுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சளி பொதுவாக இரண்டாம் மூன்றாம் நாளில் கடுமையாகி, ஏழு முதல் பத்து நாளில் தணியும்; இருமல் மட்டும் மூன்று வாரம்வரை இழுக்கலாம். மூன்று நாள் கடந்தும் காய்ச்சல் விடாமல் நீடித்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்பி வந்தாலோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சு வேகமாகி விலா எலும்புக்குக் கீழே குழிவிழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ நாள் கணக்கே பார்க்க வேண்டாம், உடனே புறப்படுங்கள்.

கேள்வி: எனக்கு 54 வயது, சர்க்கரை நோய் உண்டு, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். சென்ற மாதம் ஒரு நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருந்தபோதே குளிர் எடுத்து, மாலைக்குள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது, இருமலும் இருந்தது. பெனடோலும் சளி மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எம்.சி. (மருத்துவச் சான்று விடுப்பு) எடுத்தால் சம்பளம் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்.
– ஒரு தொழிலாளி, அதே ஊர்

பதில்: ஐயா, சளி மெல்ல மெல்ல வரும், ஃபுளூ என்னும் இன்ஃபுளுவென்சா எந்த வேளையில் வந்தது என்று சொல்லும்படி திடீரென்று வரும். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் இரண்டாவதுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது நிமோனியாவாக முற்றக்கூடும் என்பதால், முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஒசெல்டமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து அதற்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம்.

500 மில்லிகிராம் பெனடோலில் பெரியவர் ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு எட்டுக்கு மேற்படாமல் போடலாம். ஆனால் பல சளி மாத்திரைகளிலும் பெனடோலில் உள்ள அதே பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போடுபவர் அறியாமலே அளவை மீறிக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்வார். அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

மூக்கு ஒழுகாமலும் இருமல் இல்லாமலும் கடும் காய்ச்சல் அடித்து, கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டிங்கியை (டெங்குக் காய்ச்சலை) நினைக்க வேண்டும். அப்போது ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தொடவே கூடாது. டிங்கியில் காய்ச்சல் இறங்குகின்ற, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரையிலான காலமே ஆபத்தானது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். செம்பனைக் காட்டில் எலிகளுக்குக் குறைவில்லை. கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்த காய்ச்சல் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் உங்கள் வேலையைச் சொல்ல மறக்காதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி: மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் வேலைக்கு வராதவராகக் கணக்கெழுதிவிடுவார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் அன்றே ஆள் சொல்லி அனுப்புங்கள். ஆண்டுக்கொரு முறை ஃபுளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அந்தக் காய்ச்சல் ஆண்டு முழுதும் உலவுவதால், மழைக்காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மழையில் நனைந்தாலும் இளநீர் குடித்தாலும் சளி பிடிக்கும் என்கிறார் என் மாமியார். எங்கள் லயத்து வீட்டில் ஆறு பேர். ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்துவிடுகிறது.
– ஒரு மருமகள், அதே ஊர்

பதில்: சகோதரி, மழைத்துளியிலும் இளநீரிலும் சளி வைரஸ் இல்லை. மழைக்குப் பயந்து கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு ஆறு பேரும் ஒரே கூடத்தில் உட்காரும்போதுதான் அது ஆள்மாறுகிறது. கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து ஆணியில், எல்லோரும் மூக்கும் கையும் துடைக்கும் ஈரத் துண்டு ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள். ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டாலே பாதி வேலை முடியும். முன்வாசலையும் பின்வாசலையும் திறந்து வையுங்கள். சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். ஃபுளூ வந்தவர் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கி, பின் ஐந்து முதல் ஏழு நாள்வரை பரப்புவார் என்பதால், அத்தனை நாளும் தனியே படுத்து முகக்கவசம் அணியட்டும். இளநீரைச் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஐஸ் போடாமல் கொடுத்தால் மாமியாரும் மறுக்கமாட்டார்.