ரைஃபிள் லைட் வாங்கும் முன்: கேள்வி பதில்

உரிமத்தோடு ரைஃபிள் வைத்திருப்பவர்கள், அதில் லைட் மாட்டுவது பற்றி அனுப்பிய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இருட்டில் சுட்டுப் பழகி, வழியில் ஒன்றிரண்டு லைட்டுகளைக் கெடுத்தும் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியில் மாட்டும் லைட், எதிரே இருப்பது யார், என்ன என்று சுடும் முன் உறுதி செய்துகொள்ளத்தான்.

கேள்வி: 1500 லூமன் லைட் ஒன்றும் 700 லூமன் லைட் ஒன்றும் பார்த்தேன். 700 லூமன்தான் தூரம் அடிக்கும் என்கிறார்கள். அது எப்படி சார்?

சரியாகத்தான் சொல்கிறார்கள். லூமன் என்பது லைட்டிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம். அந்த வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சுகிறது அல்லவா? தண்ணீர் கூடவில்லை, குவிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஷ்யூர்ஃபயர் நிறுவனத்தின் இரண்டு லைட்டுகளையே பாருங்கள். எம்600டிஎஃப் 1500 லூமன், ஆனால் கேண்டெலா 16,700. அதே நிறுவனத்தின் டர்போ வகை எம்640டிஎஃப்டி 700 லூமன்தான், கேண்டெலாவோ 1,00,000.

கேண்டெலாவை மீட்டராக மாற்ற ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000-க்கு 400 மீட்டர். கேண்டெலாவை நான்கு மடங்கு கூட்டினால்தான் தூரம் இரண்டு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அந்தத் தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம். ஏறத்தாழ முழுநிலவு வெளிச்சம். அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும், கையில் என்ன வைத்திருக்கிறது என்று தெரியாது. அதனால் நான் பெட்டியில் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்புவேன்.

கேள்வி: அப்படியென்றால் கேண்டெலா அதிகமாக உள்ளதையே வாங்கிவிடலாமா?

எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டுக்குள் ஊசிபோல் குவிந்த ஒளி எரிச்சலைத்தான் தரும். நடுவில் கண் கூசும் ஒரு வட்டம், சுற்றிலும் இருட்டு. அறைக்குள் மூலைகளும் தெரிய வேண்டும், அதற்குப் பக்கவாட்டில் சிதறும் ஒளி வேண்டும். 500 முதல் 1000 லூமன், 10,000 முதல் 20,000 கேண்டெலா இருந்தால் அறைகளுக்குத் தாராளம்.

வெட்டவெளிக்கு 40,000-க்கு மேல் பாருங்கள். எதிரே வேறொரு விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அதைத் தாண்டிப் பார்ப்பதற்கும் கேண்டெலாதான் கைகொடுக்கும். மூடுபனி, புகை, தூசி இருக்கும் இடத்தில் சிதறும் ஒளி முழுவதும் உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைத் திரை போட்டுவிடும். அங்கேயும் குவிந்த ஒளியே நல்லது. இரண்டு வேலைக்கும் ஒரே லைட் வேண்டும் என்றால் 1000 லூமன், 25,000 கேண்டெலாவை ஒட்டிய நடுத்தர வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீம்லைட் ப்ரோடாக் எச்எல்-எக்ஸ் அந்த ரகம்.

கேள்வி: என் ரைஃபிளில் இருப்பது எந்த ரெயில் என்றே எனக்குத் தெரியவில்லை அண்ணா.

ரெயில் என்பது லைட் போன்றவற்றை மாட்ட ரைஃபிளில் இருக்கும் பட்டை. அதைக் கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, குறுக்குக்கட்டை போட்ட தண்டவாளத் துண்டு போல் இருந்தால் பிகாட்டினி. 1995-ல் அமெரிக்க ராணுவத் தரமாக வந்தது, பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர். மேடு இல்லாமல், வழவழப்பான ஹேண்ட்கார்டில் (குழலைச் சுற்றியுள்ள, கையால் பிடிக்கும் உறை) நீள்வட்டத் துளைகள் மட்டும் இருந்தால் எம்-லாக். துளை சாவித்துவாரம் போல் ஒரு பக்கம் பெருத்திருந்தால் கீமாட். கீமாடுக்குப் புதிய மவுண்ட் (லைட்டைப் பிடித்து நிறுத்தும் துண்டு) கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. எம்-லாக்கில் ஒரு சின்னப் பிகாட்டினித் துண்டைத் திருகிக்கொண்டு அதன்மேலும் லைட் மாட்டலாம். ஆனால் நேரடி எம்-லாக் மவுண்ட் இன்னும் ஒட்டி உட்காரும், திருகுகளும் குறைவு.

கேள்வி: இடமா, வலமா, மேலேயா? எங்கே மாட்டினாலும் பாதி வெளிச்சத்தைத் துப்பாக்கியே மறைக்கிறது.

அந்த நிழல் முழுவதுமாகப் போகாது, குறைக்கத்தான் முடியும். லைட்டை எவ்வளவு முன்னால் தள்ளுகிறீர்களோ அவ்வளவு நிழல் சுருங்கும். லென்ஸ் குழல் முனைக்குச் சற்றுப் பின்னால் நிற்கட்டும். முனையைத் தாண்டினால் புகையும் அனலும் லென்ஸை ஒரே நாளில் கறுப்பாக்கிவிடும். குழல் முனையில் சப்ரஸர் என்ற ஒலிகுறைப்பான் மாட்டுபவர்களுக்கு நிழல் இன்னும் பெரிதாக விழும், அவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்பதை உங்கள் முன்கைக் கட்டைவிரல் முடிவு செய்யட்டும். வலக்கைக்காரர் என்றால் இடது கை முன்னால் இருக்கும், அதன் கட்டைவிரல் இடப்பக்க மேல் மூலையில் இயல்பாக விழும். பெரும்பாலானோருக்கு அந்த இடமே தோது. சுவரோரம் நின்று பார்க்க வேண்டியிருந்தால், எந்தப் பக்கத்துச் சுவர் உங்கள் வெளிச்சத்தை விழுங்குகிறது என்பதை வீட்டில் ஒரு முறை நடந்து பாருங்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, சேம்பர் (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகு.

கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் ரெட் டாட் வைத்திருப்பவர்கள் லைட்டை நேர் மேலே மாட்டினால், சிதறும் ஒளி கண்ணாடியில் பட்டுப் புள்ளி மங்கலாம். மாட்டியதும் இருட்டறையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வயர் வைத்த பேட் ஸ்விட்ச் (ரெயிலில் ஒட்டி அழுத்தும் பட்டை) நல்லதா, லைட்டின் பின்னால் உள்ள பட்டனே போதுமா?

பட்டன் போதும். வயர் எதிலாவது மாட்டிக்கொள்ளும், துண்டிக்கும், பேட் நகரும். குட்டையான துப்பாக்கியில் கட்டைவிரல் பட்டனுக்கு எட்டவில்லை என்றால் மட்டும் பேட் வாங்குங்கள். அப்போதும் பின்பட்டனும் சேர்ந்தே வேலை செய்யும் வகையாக இருக்கட்டும். லேசாக அழுத்தினால் அழுத்தும்வரை எரிந்து, முழுதாக அழுத்தினால் நின்று எரிவதுதான் என் கைக்குப் பிடித்தது.

கேள்வி: ஸ்ட்ரோப்?

வேண்டாம். மின்னி மின்னி அடித்தால் உங்களுக்கே ஒன்றும் தெரியாது.

கேள்வி: பேட்டரியில் குழம்பிப் போயிருக்கிறேன். சிஆர்123ஏ, 18650 இரண்டில் எது?

சிஆர்123ஏ ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது, ஒன்று 3 வோல்ட், பெரும்பாலும் இரண்டு போட வேண்டும். பெட்டியில் பத்து வருடம் வரை கிடக்கும், குளிரிலும் ஏமாற்றாது. 18650 மறுபடி சார்ஜ் செய்வது. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம் என்பதுதான் அந்தப் பெயரே. வெளிச்சமும் கூட, அதிக நேரமும் வரும், ஆனால் மாதம் ஒரு முறையாவது சார்ஜ் பார்க்க வேண்டும். அடிக்கடி பயிற்சி செய்பவர் 18650 எடுங்கள். மாட்டிவிட்டு மறந்துவிடும் ரகம் என்றால் சிஆர்123ஏ. இரண்டையும் ஏற்கும் லைட்டுகளும் உண்டு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சிஆர்123ஏ ஒன்று பழையது ஒன்று புதியது என்று கலந்து போடாதீர்கள். பலவீனமானது சூடேறி வெடிக்கக்கூடும், அதுவும் அடைத்த குழாய்க்குள். அடுத்தது, 18650 ஒன்றுக்கு மட்டும் செய்த லைட்டில் இரண்டு சிஆர்123ஏ போட்டால் 4.2-க்குப் பதில் 6 வோல்ட் போகும், உள்ளே இருப்பது கருகலாம்.

பெட்டியில் "ஒன்றரை மணி நேரம்" என்று இருந்தால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை அந்த நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். சூடு தாங்காமல் சில நிமிடத்திலேயே பாதியாக இறங்கும் லைட்டுகளும் உண்டு.

கேள்வி: ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டால் அப்பா ரைஃபிள் லைட்டை அடித்துத்தான் வீடு முழுக்கப் பார்க்கிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் சொல்லுங்கள் ஐயா.

அப்பாவிடம் இதை மட்டும் கேளுங்கள்: தண்ணீர் குடிக்க எழுந்தவர் உங்கள் அம்மாவாக இருந்தால்? அந்த லைட் போகும் இடமெல்லாம் குழல் முனையும் போகிறது. தேடுவதற்குத் தனியாக ஒரு கை டார்ச் வேண்டும். ரைஃபிள் லைட்டைவிட முதலில் அதை வாங்குங்கள். அதைவிட முதலில், சுவரில் இருக்கும் ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள்.

துப்பாக்கி ஏற்கனவே கையில் இருக்கும் நிலை வந்தாலும், முனையைத் தரையை நோக்கி வைத்து லைட்டை எரித்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளியிலேயே அறை தெரியும். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் இன்னும் நன்றாகத் தெரியும். விரல் ட்ரிகருக்கு வெளியே.

கேள்வி: இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க சிவப்பு லைட் வாங்கலாமா?

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும், வெள்ளை ஒளி அதை நொடியில் கெடுத்துவிடும், உண்மைதான். ஆனால் சிவப்பில் நிறங்கள் பிரியாது, முகமும் சரியாகத் தெரியாது. அடையாளம் காணும் வேலைக்கு வெள்ளைதான். இரவு வேட்டைக்குக் கேட்கிறீர்கள் என்றால், லைட் வைத்து வேட்டையாடச் சட்டம் பல இடங்களில் விடுவதில்லை. அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: மலிவு லைட்டுக்கும் விலை கூடியதற்கும் வெளிச்சம் ஒன்றுதானே?

முதல் நாள் ஒன்றுதான். உதை வாங்க வாங்கத்தான் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளே பேட்டரி முன்னும் பின்னும் மோதுகிறது. ஸ்ப்ரிங் பலவீனமாக இருந்தால் அந்த நொடி தொடர்பு விட்டு லைட் அணையும், அல்லது வேறு முறைக்குத் தாவும். நான் வாங்கிய ஒன்று அப்படித்தான் இருபதாவது குண்டில் கண்ணடித்தது, ஐம்பதாவதில் மவுண்டோடு கழன்று விழுந்தது. மவுண்ட் விழுந்தது என் தப்பு, திருகில் நீல நிற லாக் பசை போடவில்லை. இப்போது பசை போட்டு, திருகின் மேல் ஒரு பெயிண்ட் கோடும் போட்டுவிடுகிறேன். கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: லென்ஸில் படிந்த கரி போகவே மாட்டேன் என்கிறது.

பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், கண்ணாடி லென்ஸ் என்றால் வந்துவிடும். அடுத்த முறை சுடப்போகும் முன் லென்ஸில் உதட்டுக்குப் பூசும் லிப் பாமை மெல்லிசாகத் தடவுங்கள், கரி அதன்மேல் படியும், துணியால் துடைத்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் லிப் பாமில் தூசி ஒட்டி அது வேறு மங்கலாக்கும்.