பாட்டி நடந்த வழி – கடிதம்

வணக்கம் அண்ணா,

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் இருந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். என் பாட்டி வாழ்ந்த தோட்டத்தில் லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, உடைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் ஒரு சிறிய ஆவணப்படம் எடுத்துவிட நினைத்தேன். அந்தக் காலத்துப் பால்மரக் (ரப்பர்) காடு இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை). மாரியம்மன் கோயிலும் இரண்டு வரிசை லயமும்தான் மிச்சம். மூன்று பேட்டரியும் தீரும்வரை டிரோன் பறக்கவிட்டு ஐம்பது நிமிடம் எடுத்தேன். எடிட்டில் உட்கார்ந்தால் பத்து விநாடிகூடத் தேறவில்லை. எல்லாமே நில விற்பனை விளம்பரம் மாதிரி இருக்கிறது. டிரோனை மாற்ற வேண்டுமா அண்ணா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

டிரோனை மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்பிய காட்சிகளை இரண்டு முறை பார்த்தேன். ஒவ்வொரு ஷாட்டும் மேலே போன பிறகுதான் எதை எடுக்கலாம் என்று தேடுகிறது. கொஞ்சம் முன்னே போகிறது, இடப்பக்கம் திரும்புகிறது, கேமரா குனிகிறது, மறுபடி நிமிர்கிறது. எங்கே தொடங்கி எங்கே நிற்பது என்பதை நீங்கள் தரையில் முடிவு செய்யவில்லை. பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்போது அதை யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

முதலில் டிரோனை வீட்டில் வைத்துவிட்டுப் பாட்டியைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். எந்த வீட்டில் இருந்தார், விடியுமுன் பால் வெட்ட எந்த வழியாகப் போனார், திரும்பும்போது கோயிலில் நின்றாரா என்று கேட்டபடி கூடவே நடங்கள். அந்த வழிதான் உங்கள் முதல் ஷாட். லயத்து வாசலில் ஆள் உயரத்தில் தொடங்கி, அவர் போன பாதையிலேயே மெதுவாகப் போய், கோயில் தெரிந்ததும் நிற்கட்டும். இப்போது அந்த ஷாட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் பாட்டியின் முகமும் பின்னால் கோயில் மணியும் வரலாம் என்று எடிட்டும் பாதி முடிந்துவிடுகிறது.

உயரத்தைக் குறையுங்கள். சட்டப்படி 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை போகலாம் என்பதற்காக அங்கேயே நிற்க வேண்டியதில்லை. நூறு மீட்டர் உயரத்தில் விநாடிக்கு மூன்று மீட்டர் போனால் நகர்வதே தெரியாது. அதே வேகத்தில் ஐந்து மீட்டர் உயரத்தில் போனால் பக்கத்தில் இருக்கும் கூரை சட்டென்று கடக்கும், தூரத்து மரம் மெல்ல நகரும். பார்ப்பவருக்கு அந்த இடத்தின் ஆழம் தெரிவது இந்த வித்தியாசத்தால்தான்.

மேலிருந்து எடுக்கும் காட்சி கட்டாயம் வேண்டும் என்றால் செம்பனை நட்ட முறையைப் பாருங்கள். பொதுவாக 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். அதனால் மூன்று திசைகளில் நேர் வரிசை கிடைக்கும். அவற்றில் ஒன்றைப் பிடித்துப் பறந்தால் வரிசைகள் நம் முன்னால் திறந்துகொண்டே போகும். குறுக்காகப் போனால் வெறும் பச்சைதான். எந்தத் திசை என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் முந்தின நாளே பார்த்து, தாளில் அம்புக்குறி போட்டு வைத்துவிடலாம்.

வெளிச்சத்துக்கும் இதே கதைதான். பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஐந்து டிகிரி வடக்கே இருப்பதால் சூரியன் சாயாமல் விறுவிறுவென்று ஏறும். உதித்து ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். அப்போது திடலில் தனியாக நிற்கும் 12 மீட்டர் மரத்தின் நிழல் 45 மீட்டர் நீளும். இன்னும் ஒரு மணி நேரம் போனால் ஏறத்தாழ 21 மீட்டர்தான். நீங்கள் பதினொரு மணிக்குப் பறந்திருக்கிறீர்கள், நிழல் ரொம்பவே குறுகிவிட்டது. காலை ஏழு மணிக்கெல்லாம் லயத்து வாசலில் தயாராக நில்லுங்கள். கோயில் எந்தப் பக்கம் பார்க்கிறது, காலை வெயில் முகப்பில் விழுமா என்பதை முந்தைய நடையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேட்டரிக்கு மூன்று ஷாட் போதும். பெட்டியில் முப்பது நிமிடம் என்று போட்டிருந்தாலும், 30 விழுக்காட்டில் இறக்கிவிட வேண்டும் என்பதால் உங்கள் கையில் இருப்பது இருபதுதான். ஒவ்வொரு ஷாட்டையும் இரண்டு தடவை எடுங்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரே அசைவு. தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து விநாடி அசையாமல் நிறுத்துங்கள், வெட்டி ஒட்டும்போது அந்த ஐந்து விநாடிக்கு நன்றி சொல்வீர்கள். தூரமான ஷாட்டை முதலில், எதிர்காற்றில் போய் எடுத்தால் காற்றோடு எளிதாகத் திரும்பலாம். 25 பிரேமுக்கு 1/50 ஷட்டர், வெயிலுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் என்பதெல்லாம் கல்யாண வேலையிலேயே உங்களுக்குப் பழக்கம்தான். தானாகத் திரும்பும் உயரத்தை மட்டும் மரங்களுக்கு மேலே வைத்தீர்களா என்று பாருங்கள். மட்டைகளுக்கு நடுவே சிக்னல் அறுந்தால் அதுதான் காப்பாற்றும்.

அனுமதி பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சி.ஏ.ஏ.எம். (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி, வான்வழிப் படத்துக்கு ஜூப்பெம் (நில அளவை, வரைபடத் துறை) அனுமதி, தோட்ட நிர்வாகத்தின் சம்மதம், இவற்றுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளம், பாயான் லெப்பாஸில் விமான நிலையம் என்று இருக்கும் மாநிலம் நம்முடையது. லயத்தை உடைக்கும் நாளையும் நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

பாட்டியோடு நடந்து முடித்ததும் அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். நீங்கள் பறக்கும் முன் இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்