சொன்னால் கேட்கிற கார்

வணக்கம் அண்ணா,

வீட்டில் ஒரு மாதமாக ஒரே விவாதம். உங்களிடம் கேட்டு முடிவெடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 67 வயது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தாவின் மொரிஸ் மைனரில் ஓட்டப் பழகியவர். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு மனுவல் லான்சர் வைத்திருக்கிறார். அதை இனித் திருத்திப் பயனில்லை என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் இடது முழங்காலுக்கும் கிளச் மிதிப்பது கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியிலிருந்து கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் சேலை கட்டிக்கொண்டு தானே ஓட்டிப் போய் வருகிறார். வருடத்தில் ஒரு தடவை யாழ்ப்பாணத்துக்கும் போவார்.

டொரொண்டோவில் இருக்கும் என் அண்ணா காசு அனுப்புகிறார். உயரமான கார்தான் பாதுகாப்பு, டொயோட்டா ரைஸ் எடுங்கள் என்கிறார். என் கணவர் மின்சாரக் கார் என்கிறார். அம்மா நுகேகொடைப் பக்கம் ஒரு விற்பனை நிலையத்தில் சிவப்பு நிற சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அதுதான் வேண்டும் என்கிறார். "இது என்ர கடைசிக் கார். நான் சொன்னால் கேட்கிற காரா இருக்கட்டும்" என்று ஒரே பிடி. அண்ணாவுக்குக் கோபம். இந்த வயதில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம்,
வெள்ளவத்தை


அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அம்மா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. "சொன்னால் கேட்கிற கார்" என்று அவர் சொன்னதைவிடத் தெளிவாக ஒரு நல்ல காரைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உடனே திரும்ப வேண்டும், மிதித்தால் உடனே இழுக்க வேண்டும், பிரேக்கில் கால் வைத்தால் வைத்த அளவுக்கு நிற்க வேண்டும். இதில் வேகம் என்ற பேச்சே இல்லை. காலி வீதியில் 101 பஸ் ஒன்று வலப்பக்கம் நெருக்க, இடப்பக்கம் ஒரு முச்சக்கர வண்டி நுழையும்போது ஒருவரைக் காப்பாற்றுவது இந்தக் குணம்தான். அண்ணா பாதுகாப்பு என்று சொல்வதில் பாதி அம்மா கேட்கிற காருக்குள்தான் இருக்கிறது. அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பாவுக்கு 70 வயதானபோது நானும் உங்கள் அண்ணா மாதிரியேதான் யோசித்தேன். உயரமான, மெத்தென்று போகிற, பெரிய கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். காரின் பெயர் வேண்டாம், அதில் காருக்குப் பங்கில்லை. அப்பா வாங்கிய அன்று நன்றி சொன்னார். பிறகு ஒரு குறையும் சொல்லவில்லை. மெல்ல மெல்ல ஓட்டுவதைக் குறைத்தார். சந்தைக்கு நடந்து போனார், கோயிலுக்கு ஓட்டோ பிடித்தார். சாவி ஆணியில் தொங்கியது. ஒரு வருடம் கழித்துத்தான் என் அம்மா சொன்னார்: முன்பக்கம் எங்கே முடிகிறது என்று அப்பாவுக்குத் தெரியவில்லையாம், ஒழுங்கைக்குள் திரும்பும்போது பயமாக இருந்ததாம், ஏசியைக் கூட்டிக் குறைக்கத் திரையைத் தொட வேண்டியிருந்ததாம். மகன் ஆசையாக வாங்கித் தந்ததைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நாற்பது வருடம் ஓட்டிய மனிதரை ஓட்டாமல் ஆக்கியது நான்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீங்கள் யாரும் கேட்காமலே உங்கள் அம்மா தனக்கு வேண்டியதைச் சொல்கிறார். அது பெரிய கொடுப்பினை.

சரி, காருக்கு வருவோம். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் நல்ல கார், அம்மாவின் ரசனையில் குறையே இல்லை. 2017 இல் வந்த அந்தத் தலைமுறையில் 1.4 லீற்றர் டர்போ எஞ்சின், 140 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்கும் கொஞ்சம் குறைவு. இவ்வளவு லேசான கார் இப்போது அபூர்வம். லேசாக இருப்பதால்தான் அது சொன்னதும் கேட்கிறது. ஒட்டோ கியரிலும் அது உண்டு, ஆகவே முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் டயரைக் குனிந்து பாருங்கள். 195/45 ஆர்17 என்று எழுதியிருக்கும். நடுவில் உள்ள 45 என்பது டயரின் அகலத்தில் எத்தனை வீதம் அதன் பக்கச் சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. கணித ஆசிரியருக்கு நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை: 88 மில்லிமீற்றர். குழிக்கும் சக்கர வளையத்துக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த குழி எது, வெறும் தேக்கம் எது என்று தெரியாத நம் வீதிகளில் அந்த அடி நேராக முதுகுக்கு வரும். அப்புறம், ஜப்பான் மொடலில் தரைக்கும் காரின் அடிக்கும் நடுவில் 120 மில்லிமீற்றர்தான். வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் நிலக்கீழ்த் தரிப்பிடங்களுக்கு இறங்கும் சரிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் உரசும் சத்தம் முதல் தடவை கேட்கும்போதே ஆசை போய்விடும். 95 ஒக்டேன் பெற்றோல்தான் அதற்கு ஏற்றது. அதன் உற்பத்தியும் 2025 இல் முடிந்துவிட்டது. கடைசிக் கார் என்று வாங்குகிறவர் பத்து வருடத்துக்குப் பிறகு பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் தேடி அலைவதைப் பற்றியும் யோசிக்கத்தான் வேண்டும்.

இதைவிட முக்கியமானது இருக்கை. ஸ்போர்ட்ஸ் இருக்கைகளின் இரண்டு ஓரங்களும் தொடையைப் பிடித்துக்கொள்ள உயர்ந்திருக்கும். வளைவில் அது சுகம். இறங்கும்போது அதே மேட்டின்மேல் இடுப்பைத் தூக்கிப் போட வேண்டும். இருக்கையும் தாழ்வாக இருந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும். எழும்பும்போது பாரம் முழங்கால்களில்தான் இறங்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு முழங்கால் நோகிறது. மிக உயரமான கார் மறுபக்கத்துச் சிக்கல்: சேலையோடு ஏற வேண்டும், இறங்கும்போது கால் தரையைத் தேடும். கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் இருக்கை அம்மாவின் முழங்கால் மடிப்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். இந்த ஒரு விடயத்தில் அண்ணா சொல்லும் ரைஸ் நல்ல மதிப்பெண் வாங்கும், அதை மறைக்க மாட்டேன். நீளம் நான்கு மீற்றருக்குள், சின்ன வட்டத்தில் திரும்பும், எஞ்சின் 1000 சிசி என்பதால் வரியும் குறைவு. ஆனால் அதன் கியர் மிதித்ததும் முதலில் இரைந்துவிட்டுப் பிறகுதான் இழுக்கும். லான்சரில் தானே கியர் மாற்றி ஓட்டிய ஒருவருக்கு அது எரிச்சல் தரும். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாலே அம்மா அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

என்னிடம் கேட்டால் நான் சொல்வது ஹொண்டா ஃபிட் ஆர்எஸ், ஹைபிரிட். 2022 ஒக்டோபரில் ஜப்பானில் வந்தது. சாதாரண ஃபிட் கொழும்பில் எங்கே பார்த்தாலும் நிற்கிறது, இது அதன் துடிப்பான தங்கை. சக்கரத்தைப் பெரும்பாலும் சுழற்றுவது 123 குதிரைவலு மின் மோட்டார்தான், எஞ்சின் அதற்கு மின்சாரம் உண்டாக்கிக் கொடுக்கும். மிதித்த கணமே இழுப்பது அதனால்தான். இடையில் கியர் யோசித்துக்கொண்டிருப்பதில்லை. டயர் 185/55 ஆர்16, பக்கச் சுவர் 102 மில்லிமீற்றர். ஸ்விஃப்ட்டைவிட ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூட. கேட்கச் சின்னதாக இருக்கும், குழியில் விழும்போது தெரியும். ஏசிக்குத் திருகுகிற குமிழ்கள் இருக்கின்றன. ட்ராஃபிக்கில் நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. பம்பலப்பிட்டிச் சந்தியில் பத்து நிமிடம் பிரேக்கை மிதித்துக்கொண்டே நின்றவருக்கு இதன் அருமை தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது முன் கண்ணாடியின் இரண்டு பக்கத் தூண்கள். இந்தத் தலைமுறை ஃபிட்டில் அவற்றைப் பழையதில் பாதிக்கும் குறைவான தடிப்பில் மெலிதாக்கியிருக்கிறார்கள். பாரத்தைத் தாங்க அதற்குப் பின்னால் வேறு தூண் இருக்கிறது. பாதசாரிக் கடவையில் இறங்குகிற பள்ளிப் பிள்ளை தடித்த தூணுக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடும். கழுத்து முன்புபோல் திரும்பாத வயதில் கண்ணுக்கு முன்னாலேயே எல்லாம் தெரிவது எவ்வளவு பெரிய உதவி!

கண் என்றதும் ஒன்று. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இருபது வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போகிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, வில்லை மஞ்சளிக்கிறது. எதிரே வருகிற எல்ஈடி விளக்கு அடித்துவிட்டுப் போனால் பார்வை திரும்ப நேரம் எடுக்கும். வெண்புரை இருந்தால் எந்தக் கார் வாங்கியும் அதைச் சரிசெய்ய முடியாது, சின்னச் சத்திரசிகிச்சை சரிசெய்யும். கண் நன்றாக இருந்தால் அண்ணாவின் பயத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் தள்ளவில்லை. மின்சாரக் கார் சொன்னதும் கேட்கும், சத்தமில்லாமல் கேட்கும். ஆனால் அடுக்குமாடித் தரிப்பிடத்தில் உங்கள் இடத்துக்கென்று மின்சார இணைப்பு எடுக்க நிர்வாகக் குழு சம்மதிக்குமா? அது எழுத்தில் வந்தால் பேசலாம். பற்றரியின் எடையால் அந்தக் கார்கள் பாரமானவை, வளைவில் அம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பலவற்றில் எல்லாமே திரைக்குள் இருக்கும். என் அப்பாவின் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

காசு ஒரு கோடியைத் தாண்டும், தெரியும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், அதுவும் எஞ்சின் அளவோடு ஏறுகிற வரியோடு. டொரொண்டோவில் இருந்து பார்த்தால் இந்த விலை புரியாது. ஃபிட் 1500 சிசிக்குள் நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி எதையும் யோசிக்காதீர்கள், வரி இன்னும் ஏறிவிடும். ஜப்பானில் ஓடிய கார் என்றால் மூன்று வயதுக்கு உட்பட்டதைத்தான் இறக்கலாம். ஜப்பானில் ஏலத்தில் விடும்போது காரின் நிலையை எழுதி வைக்கும் ஒக்ஷன் ஷீட்டை, விற்கிறவர் காட்டுகிற பிரதியோடு விடாமல் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஓடிய தூரமும் அடிபட்ட விபரமும் அதில்தான் இருக்கும். இன்னொன்று, முன்னால் ஏதும் நின்றால் தானே பிரேக் பிடிக்கிற வசதியும், பிரேக் என்று நினைத்துத் தவறுதலாக அக்சிலேட்டரை மிதித்தால் பாய விடாமல் தடுக்கிற வசதியும் அந்தக் காரில் உண்டு. ஆனால் எச்சரிக்கை எல்லாம் ஜப்பானிய மொழியில் வரும். ஜப்பானின் அதிவேக வீதிக் கட்டண அட்டை போடவில்லை என்று ஒரு பெண் குரல் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஜப்பானிய மொழியில் சொல்வதைக் கொழும்பில் பாதிப் பேர் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மொழியை எது எதில் மாற்றித் தர முடியும் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். மாற்ற முடியாத எச்சரிக்கைகளுக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவர் ஒரே நாளில் பாடமாக்கிவிடுவார்.

நான் ஃபிட் என்கிறேன் என்பதற்காக நேரே போய் அதை வாங்கிவிட வேண்டாம். மூன்று காரையும் அம்மா ஓட்ட வேண்டும், சிவப்பு ஸ்விஃப்ட்டையும் சேர்த்து. ஓட்டிப் பார்த்த பிறகும் அதுதான் வேண்டும் என்றால், முதுகும் சரிவும் அவருடைய கணக்கு, வாங்கிக் கொடுங்கள். அண்ணாவோடு நான் பேசுகிறேன். விற்பனை நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது போதாது. உங்கள் தரிப்பிடச் சரிவில் இறக்கி ஏற்றட்டும், மரைன் டிரைவில் போகட்டும், காலி வீதியின் நெருக்கத்துக்குள் வரட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். முடிந்ததும் நிறுத்தி ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதை வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள், கோயிலுக்குப் போகிற அதே சேலையோடும், கார் ஓட்டும்போது போடுகிற அதே செருப்போடும்.