சின்ன விமானங்களில் குழுவாக ஆஸ்திரேலிய அவுட்பேக் (ஆள் நடமாட்டம் குறைந்த, வறண்ட உள்நாட்டுப் பகுதி) ஊர்களைச் சுற்றும் பயணம் எப்படி இருக்கும்? பைலட் லைசென்ஸ் இல்லாதவரும் போகலாமா?

போகலாம். எனக்கும் லைசென்ஸ் கிடையாது. மெல்போர்னில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் இருக்கிறார். அவருடைய செஸ்னா 182 என்ற சின்ன விமானத்தில் ஒரு இடம் இருந்தது, ஏறிக்கொண்டேன். ஐந்து விமானங்கள், ஒரு வாரம். புரோக்கன் ஹில், வில்லியம் கிரீக், பேர்ட்ஸ்வில், லாங்ரீச்.

முதல் அதிர்ச்சி, எடை. அந்த விமானத்தில் நாலு இருக்கை. ஆனால் டேங்கை நிரப்பிவிட்டு நாலு பெரியவர்கள் ஏறினால் மூட்டை முடிச்சுக்கு வழியில்லை. அதனால் மூன்று பேர்தான் போனோம். பையை மட்டுமல்ல, நம்மையும் தராசில் ஏற்றுவார்கள். அதற்கு முந்தின வாரம் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குழு என்றதும் கொக்குக் கூட்டம் மாதிரி சேர்ந்து பறப்போம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வேகமான விமானம் முதலில் கிளம்பும், மற்றவை இடைவெளி விட்டுப் பின்னால் போகும். இந்த ஊர்களில் கண்ட்ரோல் டவர் கிடையாது. எங்கே இருக்கிறோம், எப்போது இறங்குவோம் என்பதை பைலட்டுகளே ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இறங்கின பிறகுதான் உண்மையான கியூ: ஐந்து விமானம், ஒரே பெட்ரோல் பம்ப்!

வில்லியம் கிரீக்கிலிருந்து பேர்ட்ஸ்வில் போகும் வழியில் லேக் ஏர் என்ற பெரிய உப்பு ஏரி. அதன் தரை கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கிறது. நாங்கள் போனபோது பெரும்பாலும் வெறும் உப்பு. வெள்ளைத் தரையும் வெளிறிய வானமும் ஒன்றாகிவிட, தொடுவானமே தெரியவில்லை. பேசிக்கொண்டே வந்த நண்பர் அந்த இருபது நிமிடம் வாயைத் திறக்கவில்லை.

பேர்ட்ஸ்வில்லில் நூறு பேருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பார்கள். விமானத்தை நிறுத்தி, காற்றில் புரளாமல் கயிற்றால் கட்டிவிட்டு, நடந்தே 1884-இல் கட்டிய ஹோட்டலுக்குப் போய்விடலாம். தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து குயின்ஸ்லாந்துக்குள் நுழைந்ததால் கடிகாரம் அரை மணி முன்னே ஓடியது. எங்களில் இரண்டு பேர் மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டது அதனால்தான். நமக்குச் சொகுசாகத் தெரியும் சின்ன விமானம் இங்கே டவுன் பஸ் மாதிரி. மழை பெய்து மண்சாலை மூடிக்கொண்டால் தபால், நோயாளி எல்லாம் வான்வழிதான். பறக்கும் மருத்துவர் சேவை 1928-இல் தொடங்கியதே இதே குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில்தான்.

லாங்ரீச்சில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஒரு முழு போயிங் 747 ஜம்போ விமானம் நிற்கிறது. அரை நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம், வாந்தி. மூன்றாம் நாள் சாவகாசமாகச் சாப்பிட்டு பதினொரு மணிக்குக் கிளம்பினோம். தரை சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்ப, மேடு பள்ளத்தில் மாட்டுவண்டி போவதுபோல ஒரே குலுக்கல். என் பைக்குள் இஞ்சி மரப்பா இருந்தது; பையோ பின்னால், கைக்கு எட்டாத இடத்தில். மறுநாளிலிருந்து விடியும்போதே கிளம்பிவிட்டோம். காபி மட்டும் இறங்கின பிறகு குடியுங்கள். விமானத்தில் கழிப்பறை கிடையாது.