வைத்த தூணைக் காணோம்!

ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் தூண் வைத்தால் திரையில் எதுவும் தெரியவில்லை. எச்சரிக்கை மட்டும் வருகிறது.

தூண் எங்கும் போகவில்லை, நீங்கள் வரையும் தளத்துக்குக் கீழே நிற்கிறது. ஸ்ட்ரக்சரல் தூண், அதாவது பாரம் தாங்கும் தூண், வைக்கும்போது ஆப்ஷன்ஸ் பட்டையில் ‘டெப்த்’ என்று இருக்கும். அதாவது, இந்தத் தளத்திலிருந்து கீழ்நோக்கி. அதை ‘ஹைட்’ (Height, உயரம்) ஆக்கி, பக்கத்தில் மேல்தளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வையுங்கள். ஏற்கெனவே வைத்ததை அழிக்க வேண்டாம். முப்பரிமாணக் காட்சியில் பிடித்து, பேஸ் லெவலையும் டாப் லெவலையும் மாற்றினால் போதும். இதில் ஒருமுறையாவது ஏமாறாதவரை நான் பார்த்ததில்லை.

ஆர்க்கிடெக்சரல் தூணா, ஸ்ட்ரக்சரல் தூணா? எதை எடுப்பது?

பாரம் தாங்கவா, பார்வைக்கா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். பார்வைக்கான ஆர்க்கிடெக்சரல் தூண் சுவரைத் தொட்டதும் சுவரின் பூச்சைத் தானும் போர்த்திக்கொள்ளும். பிளானில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்ட்ரக்சரல் தூண் அப்படி ஒட்டாது, ஆனால் பீம் வந்து சேர வேண்டியது அதில்தான். இரண்டும் வேண்டுமென்றால் அலங்காரத் தூணை முதலில் வைத்து, ‘அட் காலம்ஸ்’ கட்டளையால் உள்ளே பாரத்தூணை இறக்கலாம். ஆனால் ஒன்று, வெளித்தூணின் ஃபேமிலி (ரெவிட்டில் ஒரு பொருளின் மாதிரி வடிவம்) உள்ளே குடைந்ததாக இருக்கட்டும். நான் ஒரு வேலையில் அதைத் திடமாகவே விட்டுவிட்டேன். பொருள் அளவுக் கணக்கில் ஒரே இடம் இரண்டு முறை ஏறிவிட்டது.

சுவரில் அரைத்தூண்கள் வரிசையாக வேண்டும். ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?

வேண்டாம். குறுக்குவெட்டை ஒரு புரொஃபைலாகச் செய்துகொண்டு, அதைச் சுவர்மேல் நீட்டிக்கொண்டுபோகும் ‘வால் ஸ்வீப்’பைச் செங்குத்தாக வையுங்கள், சுவரை நகர்த்தினால் கூடவே வரும். தலைப்பும் அடிப்பீடமும் தனி ஃபேமிலி. சுவரிலிருந்து எவ்வளவு துருத்த வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அகலத்தில் ஆறில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குவரை அழகாக இருக்கும்: 450 மில்லிமீட்டர் அகலத்துக்கு 75 முதல் 110 வரை. அதற்குக் குறைந்தால் பட்டை ஒட்டியது மாதிரி இருக்கும்.

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த ரோமானியத் தூண் என்னவோ பொம்மை போல இருக்கிறது.

அடியிலிருந்து உச்சிவரை ஒரே நேர்க்கோட்டில் சிறுக்கியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் நடுப்பகுதி ஒட்டிப்போனது போலத் தோன்றும். கீழ் மூன்றில் ஒரு பங்கை நேராக விடுங்கள். அதற்கு மேல் மெல்ல வளைந்து, உச்சியில் விட்டம் அடிவிட்டத்தில் ஆறில் ஐந்தாகட்டும். அடியில் 600 என்றால் மேலே 500. பாதித் தோற்றத்தை மட்டும் வரையுங்கள்: 300 அகலத்தில் நேர்க்கோடு, அதன் முனையிலிருந்து 250-க்கு ஆர்க் (வில் வளைவு). வளைவு கோட்டோடு வழுக்கிச் சேரும் இடத்தில் ஆர்க் நீலப்பச்சையாக மாறும், அங்கே கிளிக் செய்யுங்கள். அப்புறம் அடியில் ஒரு வட்டம், பாதித் தோற்றத்தை அதைச் சுற்றி இழுக்க ‘ஃபாலோ மீ’ கருவி. வேலை முடிந்தது.

தூண்களில் பள்ளவரி (மேலிருந்து கீழாக ஓடும் பள்ளங்கள்) சேர்த்ததும் ரெவிட் ஃபைல் நகரவே மாட்டேன் என்கிறது.

பழைய கிரேக்கப் பாணிகளில் டோரிக் தூணுக்கு 20 பள்ளம், அயோனிக்குக்கு 24. வராந்தா முழுக்க அப்படி நின்றால் எந்தக் கணினிதான் தாங்கும்? ஃபேமிலிக்குள் பள்ளமுள்ள உருவத்தை ‘ஃபைன்’ எனும் நுண்விவர நிலையில் மட்டும் தெரியும்படி வைத்து, மற்ற நிலைகளுக்கு வெறும் உருளையைக் கொடுங்கள்.